வீட்டுக்கு ஒரு தேங்காய்

சுவரில் ஒட்டியிருந்த தாளில் கோடுகள் ஓடின. பத்து வருடக் கணக்கு. இந்த நாட்டில் ஓர் ஆள் எவ்வளவு தேங்காய் தின்கிறார், எவ்வளவு எண்ணெய், எவ்வளவு எள்ளு, கச்சான், சோயா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். எள்ளு கீழே இறங்கியிருந்தது. சோயா கொஞ்சம் ஏறிப் பிறகு விழுந்து கிடந்தது. கப்பலில் வரும் பாம் எண்ணெய் வருடா வருடம் ஏறியது. இதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. தேங்காய்க்கு மட்டும் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்து வரைந்திருந்தார்கள். அதில் தோட்டத்துக் கோடும் மேலே போனது.

“சேர், இது பிழை” என்றேன்.

சிதம்பரநாதன் சேர் நிமிர்ந்து பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்கு வேலைக்கு வந்து, இங்கேயே வீடு கட்டி, பிள்ளைகளையும் இங்கேயே படிக்க வைத்தவர். அவருடைய கணக்கில் பிழை கண்டவர் யாரும் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

“எது பிழை? கூட்டலோ?”

“கூட்டல் சரி. கோடுதான் பிழை.”

“கூட்டல் சரியெண்டா கோடு எப்பிடிப் பிள்ளை பிழைக்கும்?”

பக்கத்து மேசையில் இருந்த நளீரா சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். எனக்குக் காது சுட்டது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். தோட்டக் குடும்பங்கள் முன்பைவிட அதிகமாகத் தேங்காய் சாப்பிடுகின்றன. ஆகவே பிள்ளைக்காம்பராக்களுக்கு எங்கள் போசாக்குத் திட்டம் கொடுக்கும் தேங்காயை நிறுத்திவிடலாம் என்று பரிந்துரை எழுதியிருந்தது. திங்கட்கிழமை அது கொழும்புக்குப் போக வேண்டும்.

பிள்ளைக்காம்பரா என்றால் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். அங்கே காலையில் தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி கொடுப்பார்கள். என் அண்ணன் றிச்சர்ட் கொழும்பில் கடையில் நிற்கிறான். அவன் மகள் கேஷானி எங்கள் அம்மாவிடம் வளர்கிறாள். கிளினிக் அட்டையில் அவளுடைய நிறை சிவப்புக் கட்டத்தில் கிடந்தது. இந்தக் கஞ்சி தொடங்கிய பிறகுதான் அதை விட்டு வெளியே வந்தாள். அந்த ஒரு கோப்பைக் கஞ்சியைத்தான் இந்தக் கோடு பிடுங்கப் போகிறது.

“தொண்ணூற்றிரண்டுக்கு முன்னால எங்க தோட்டத்துல ஒரு கடை இருந்துச்சு சேர். தேங்காய்க்கு அங்கதான் போகணும். சம்பளத்துல வெட்டுவாங்க. அப்ப எடுத்த கணக்கு அந்தக் கடையில வித்த கணக்கு. உண்மையான கணக்கு. கவருமெண்டு தோட்டத்தக் கம்பனிக்காரங்ககிட்ட குடுத்ததும் கடைய மூடிட்டாங்க. இப்ப நம்ம ஆக்கள் வீடு வீடாப் போய், இந்த வாரம் எத்தனை தேங்காய் வாங்குனீங்கன்னு கேக்குறாங்க. அவங்க வீட்டுக்கு ஒன்னுங்கிறாங்க.”

“சரிதானே?”

“ரெண்டு வீடு சேந்துதான் ஒன்னு வாங்கும். ஒடைச்சு ஆளுக்குப் பாதி. ஆனா கேட்டா ரெண்டு வீடும் ஒன்னுன்னுதான் சொல்லும். ஒரு தேங்காய நாம ரெண்டா எண்ணியிருக்கோம்.”

அவர் பேனையை மூடினார். “ஏன் அப்பிடிச் சொல்லவேணும்?”

“மானம் சேர்.”

“மானத்தை நான் எந்தக் கட்டத்தில போடுறது, பிள்ளை?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் பட்டம் எடுத்தவள் நான். புள்ளிவிபரவியல் படித்தவள். எனக்குத் தெரியும் என்று சொன்னால் போதாதாம்.

“உமக்குத் தெரியும், சரி. நான் அதை எழுதேலாது” என்றார். “ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்கு ஒரு அலுவலாப் போறன். அப்பிடியே உங்கட பக்கம் வாறன். ஒரு லயத்தைக் காட்டும். அந்தச் சனம் தங்கட வாயால சொல்லட்டும். சொன்னா மாத்துறன். இல்லாட்டி இது போகும்.”

சனிக்கிழமை மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன். ஹாலிஎலவில் ஏறிய கூட்டம் பண்டாரவளைவரை இறங்கவில்லை. பெரகல சந்தியில் இறங்கி, எங்கள் தோட்டத்துக்கு மேலே ஏறும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள் கொண்ட எங்கள் லயத்துப் பெண்கள், மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குடம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தது வசதியாகப் போயிற்று. அங்கேயே சொன்னேன்.

“நாளைக்கு எங்க ஆபீஸ் பெரியவர் வர்றாரு. தேங்காயப் பத்திக் கேப்பாரு. உள்ளதச் சொல்லுங்க. ரெண்டு வீட்டுக்கு ஒன்னுன்னு சொல்லுங்க. சொல்லலேன்னா பிள்ளைக்காம்பராக் கஞ்சி நின்னுரும்.”

எங்கள் பக்கத்துக் காம்பரா அங்கம்மாக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“பெரியவருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

“பேரப்பிள்ளையே இருக்குக்கா.”

“அடச்சீ. ஆகலன்னா ஒன்னயக் கட்டிக் குடுத்துட்டு லொறி நெறயத் தேங்காய் கேக்கலாம்னு பாத்தேன்.”

பீலியடி முழுக்கச் சிரித்தது. என் அம்மா செபஸ்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். காம்பராவுக்குள் போய்க் குடத்தை இறக்கியதும் திரும்பினாள்.

“பீலியடியில வச்சா பேசுவ?”

“வேற எங்க வச்சுப் பேசுறது?”

“அந்த யாழ்ப்பாணத்து ஐயா முன்னால நான் நின்னு, நாங்க அரைத் தேங்காய் வாங்கித் திங்கிற சனம்னு சொல்லணும். அதுக்குத்தான் ஒன்னயப் பேராதனைக்குப் படிக்க அனுப்புனேனா?”

“அம்மா, கேஷானிக்குக் கஞ்சி நின்னுரும்.”

“நிக்கட்டும். நான் காச்சிக் குடுப்பேன்.”

“எதுல? பாதித் தேங்காயிலயா?”

அவள் கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். அடிப்பாளோ என்று நினைத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் கேஷானி ரொட்டித் துண்டு ஒன்றைத் தேநீரில் தோய்த்துத் தோய்த்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே அம்மா சொன்னாள்:

“சரி. சொல்றோம். போய் மூஞ்சியக் கழுவு.”

நம்பினேன்.

ஞாயிறு, மாதா கோயில் பூசைக்குப் போனவர்கள் வீடு வந்த பிறகு ஜீப் வந்தது. சிதம்பரநாதன் சேர் வெள்ளைச் சட்டையோடு இறங்கினார். லயத்தின் முன்திண்ணை, இஸ்தோப்பு முழுக்கக் கழுவிக் காய்ந்திருந்தது. பெண்கள் நல்ல சேலை உடுத்தி அவரவர் வாசலில் நின்றார்கள். உண்மை சொல்லப் போகிறவர்கள் இப்படி உடுத்த மாட்டார்கள்.

மேல் கோடியில் முதல் காம்பரா. சேர் கும்பிட்டுவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்.

“அம்மா, கிழமைக்கு எத்தனை தேங்காய் எடுக்கிறனீங்கள்?”

“ஒன்னுங்க ஐயா. வீட்டுக்கு ஒன்னு.”

“பக்கத்து வீட்டோட பங்கு போடுறதோ?”

“எதுக்குங்க? அவங்களுக்கு அவங்க வாங்குறாங்க, எங்களுக்கு நாங்க வாங்குறோம்.”

அடுப்புத் திட்டில் ஒரு முழுத் தேங்காய் இருந்தது. மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்காத குறை. சேர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

இரண்டாவது காம்பராவிலும் தேங்காய். வீட்டுக்கு ஒன்னுங்க. மூன்றாவதிலும் தேங்காய். அங்கே நான் கிட்டப் போனேன். குடுமி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. அடியில் பச்சைப் பெயின்ட் தீற்றல். பெரகல சந்தியில் கடை வைத்திருக்கும் பலீல் நானா, தன் லொறியில் வரும் காய்களுக்கு அடிக்கும் அடையாளம். அது எல்லாக் காயிலும் இருக்கும், சரி. குடுமி எல்லாக் காயிலும் ஒரே பக்கமாக வளையுமா?

நான்காவது காம்பராவுக்குள் நாங்கள் நுழைந்தபோது பின் கதவு ஆடிக்கொண்டிருந்தது. திட்டில் தேங்காய். வளைந்த குடுமி. பின்பக்கம் யாரோ மூச்சு வாங்க ஓடும் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. சேருக்கும் கேட்டிருக்கும். அவர் கோழி என்று நினைத்திருப்பார்.

“வாராவாரம் ஒன்னுங்க. சிலநேரம் ஒன்னரையும் ஆகும்” என்றாள் அந்த வீட்டுக்காரி. கொடுத்த வேலையை நன்றாகவே செய்தாள்.

வெளியே வந்ததும் சேர் குரலைத் தாழ்த்தினார். “பிள்ளை, என்ன இது?”

“பொய் சொல்றாங்க சேர். ஒரே தேங்காய்தான் சுத்துது.”

“நான் கண்டது நாலு வீட்டில நாலு தேங்காய். நீர் சொல்லுறதை நம்பினா இவ்வளவு பேரையும் நான் பொய்காரர் எண்டு எழுதவேணும். எழுதட்டோ?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் ஒரு வீடு பாப்பம். பிறகு நான் வெளிக்கிடவேணும்.”

அந்த ஒரு வீடு எங்களுடையது.

அம்மா பெருநாளுக்கு உடுத்தும் நீலச் சேலையில் நின்றாள். “வாங்க ஐயா, உக்காருங்க ஐயா” என்று முக்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தாள். திட்டில் தேங்காய். அதே குடுமி. அம்மாவை நேராகப் பார்த்தேன். அவளும் கண் இமைக்காமல் என்னைப் பார்த்தாள். சொல்ல மாட்டாள். அந்த ஐயா கேட்டால், நான் பெற்ற மகள் பக்கத்தில் நிற்கிறேன் என்றுகூடப் பார்க்காமல், வீட்டுக்கு ஒன்னுங்க என்பாள். ஜீப் போய்விடும். நாளை மாலைக்குள் அறிக்கை கொழும்பில் இருக்கும். கேஷானி அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தேங்காயையே பார்த்தாள்.

“அம்மா, கிழமைக்கு எத்தனை…” என்று சேர் தொடங்கினார்.

நான் திட்டில் கிடந்த கத்தியை எடுத்தேன். தேங்காயை இடது கையில் ஏந்தி, கத்தியின் முதுகால் ஓங்கி ஒரு போடு போட்டேன். பிறகு திருப்பி இன்னொன்று. தண்ணீர் மணிக்கட்டில் வழிந்து அம்மா மெழுகிய தரையில் கொட்டியது. காய் இரண்டாகப் பிளந்தது.

“ஏய்!” என்று அம்மா கத்தினாள்.

பின் கதவு படீரென்று திறந்தது. சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, வியர்வை வழிய, அங்கம்மாக்கா நின்றாள்.

“அடிப் பாவி! ஒடைச்சிட்டியா? இன்னும் என் வீட்டுக்கு வரலியேடி!”

சேர் மெதுவாகத் திரும்பினார். “ஆருடைய வீட்டுக்கு?”

அங்கம்மாக்கா நாக்கைக் கடித்தாள். அம்மா முந்திக்கொண்டாள். “அவ அப்பிடித்தாங்க ஐயா. கொஞ்சம் புத்தி பெசகு. சும்மா ஒளறுவா.”

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அங்கம்மாக்காவைப் புத்தி பிசகு என்று சொல்லிவிட்டு யாரும் சும்மா போனதில்லை.

“யாருக்குடி புத்தி பெசகு? இதுல பாதிக் காசு நான் குடுத்தது. என்னய ஒரு வார்த்த கேக்காம ஒம்மக ஒடைக்கிறா, நீ பாத்துக்கிட்டு நிக்கிற, எனக்கா புத்தி பெசகு?” உள்ளே வந்து என் கையிலிருந்த ஒரு மூடியைப் பிடுங்கினாள். “இந்தா, அடி மூடி. இந்த வாரம் எனக்கு.”

கண் இருக்கிற மூடி சீக்கிரம் கெட்டுப் போகும். அடி மூடி கொஞ்சம் தாங்கும். அதனால் பங்குக்காரர்கள் வாரம் மாற்றி வாரம் எடுப்பார்கள். எங்கள் லயத்தில் அடிதடிவரை போன சண்டைகளில் பாதி இதில் தொடங்கியவை.

“வை அங்க” என்றாள் அம்மா. குரல் மாறியிருந்தது. “போன வாரமும் அடி மூடி நீதான் எடுத்த.”

“நானா? கண்ணு மூடிதான் எடுத்தேன்.”

“கண்ணு மூடி என் வீட்டுலல்ல வாட அடிச்சுக் கெடந்துச்சு!”

“ஒன் வீட்டுல என்னைக்குத்தான் வாட அடிக்கல? மாத்தி எடுத்துட்டு இப்ப எம்மேல சொல்றியா? ஐயா, இவ பாக்கத்தான் மாதா கோயில் ஆளு. வெளிச்சம் மங்குனா மூடிய மாத்திருவா.”

அம்மாவின் முகம் இருண்டது. ஒரு எட்டில் சேர் முன்னால் போய் நின்றாள்.

“மாதா சாட்சியாச் சொல்றேன் ஐயா. கடைய மூடுன நாள்ல இருந்து இவ கூடத்தான் பாதிப் பாதியா வாங்குறேன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், இவ பங்க நான் தொட்டிருக்கேனான்னு கேளுங்க. நான் திருடியா? பாதியில திங்கிறவதான். திருடித் திங்கிறவ இல்ல!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்தினாள்.

அங்கம்மாக்கா கையிலிருந்த மூடியைத் திரும்பத் திட்டில் வைத்தாள். செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டாள். வாசலில் கூடியிருந்த மற்றப் பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள்.

“மற்ற வீடுகள்?” என்று சேர் கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

“எல்லாம் அப்பிடித்தாங்க ஐயா” என்றாள் அங்கம்மாக்கா. “ஒரு வீட்டுலயும் முழுசா வாங்குறதில்ல. நீங்க பாத்ததெல்லாம் இந்த ஒன்னுதான். நான்தான் பின்பக்கத்தால தூக்கிட்டு ஓடுனேன். நீங்க வேற நின்னு பேசாம அடுத்த வீட்டுக்குப் போயிர்றீங்க. ஒரு வெத்தல போடக்கூட நேரம் குடுக்கல.”

வாசலில் ஒருத்தி சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டாள்.

“ஏனம்மா உள்ளதைச் சொல்லேல்லை?” சேர் என் அம்மாவிடம் கேட்டார்.

“வந்தவங்ககிட்ட இல்லாமையவா ஐயா சொல்றது?” முந்தானைக்குள்ளிருந்தே சொன்னாள்.

அவர் எழுந்து இஸ்தோப்புக்கு வந்தார். நானும் போனேன். கையெல்லாம் தேங்காய்த் தண்ணீர் காய்ந்து பிசுபிசுத்தது.

“பரிந்துரையை அறிக்கையில இருந்து எடுக்கிறன்” என்றார். “கஞ்சி நிக்காது.”

“கோடு?”

“தோட்டக் கோட்டை நான் இனி வரையேலாது. பழைய கணக்கும் புதுக் கணக்கும் ஒண்டோட ஒண்டு சேராது. வெறுமையா விடுறன்.”

“வெறுமையாவா? எங்க ஆக்கள் குறைச்சுத் திங்கிறாங்கன்னுதானே தெரியுது? அதப் போடுங்க. கோட்டக் கீழ இறக்குங்க.”

“எவ்வளவு குறைச்சு? உமக்குத் தெரியுமோ? ஒரு லயத்தைப் பாத்து முழு நாட்டுத் தோட்டத்துக்கும் கோடு கீறுறதோ? நீர் படிச்ச பிள்ளை.”

“அப்ப கீழ ஒரு வரி எழுதுங்க. ஏன் வெறுமையா இருக்குன்னு.”

“என்னெண்டு? இவை பொய் சொல்லினவை எண்டோ?”

உள்ளே அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“இல்ல” என்றேன்.

“அப்ப விடும்.”

நகரத்துக்கு ஒரு கோடு இருக்கும். கிராமத்துக்கு ஒன்று இருக்கும். நாங்கள் எதைத் தின்றோம், எதை விட்டோம் என்று அந்தத் தாளில் ஒன்றும் இருக்காது. கஞ்சி கிடைத்தது என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வந்தது.

அவர் ஜீப்புக்குத் திரும்பும்போது அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

“ஐயா சாப்பிடாமப் போகக் கூடாது.”

“இல்லையம்மா, நேரம் போயிட்டுது…”

“போகக் கூடாது ஐயா.”

சேர் திரும்ப வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அம்மா திருவலையில் குந்தி ஒரு மூடியைத் திருவினாள். அங்கம்மாக்கா மற்ற மூடியையும் எடுத்து அவள் மடியருகே வைத்தாள். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதையும் திருவினாள். ஓடு தெரியும்வரை திருவினாள். பாதித் தேங்காய்ப் பூவை மாவில் போட்டு ரொட்டி தட்டினாள். மீதியைச் செத்தல் மிளகாயோடு அம்மியில் அரைத்துச் சம்பல். இரண்டு வீட்டு ஒரு வாரத்தையும் அந்த மனிதருடைய தட்டில் வைத்தாள்.

“சேர், போதும்னு சொல்லுங்க” என்றேன் எனக்கே கேட்காத குரலில். அவருக்குக் கேட்டது. ஆனால் அம்மா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து, வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். கேஷானிக்கு மட்டும் தன் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துச் சம்பல் தொட்டுக் கொடுத்தார்.

“வயிறு நெறஞ்சுச்சாங்க ஐயா?”

“நிறைஞ்சுது அம்மா.”

ஜீப் வளைவில் மறைந்தது. பெண்கள் கலைந்து போனார்கள். அங்கம்மாக்கா போகும்போது என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனாள், வலிக்கத்தான். அம்மா கல்லில் கடைசியாக இருந்த ரொட்டியை எடுத்து ஒரு தட்டில் போட்டு, அம்மியில் ஒட்டியிருந்த சம்பலை வழித்து வைத்து, என் முன்னால் தள்ளினாள்.

“எனக்கு வேணாம்.”

“வேணாமா? ஊருக்கே ஒடைச்சுக் காட்டுனியே, இப்ப மட்டும் என்ன? தின்னு.”

“அம்மா, கஞ்சி நிக்காதாம்.”

“கேட்டுச்சு. தின்னுட்டுப் போ. இனி ஒன் ஆபீஸ்காரங்க யாரும் என் வாசப்படி ஏறக் கூடாது. நீ வரலாம். தனியா வா.”

தின்றேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.